இரண்டு பேனைகளும் அண்ணாவும்

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. இந்த நாட்டில் ஆகஸ்ட் குளிர்காலம், காலையிலிருந்து விடவே இல்லை. பள்ளி ஸ்வெட்டர் இன்னும் ஈரம். ஹீட்டருக்குப் பக்கத்தில் போட முடியாது. ஹீட்டர் ஹாலில், ஹாலில் அண்ணா.

ஆர்ட் மிஸ் இன்று சொன்னது: அடுத்த புதன்கிழமைக்குள் ஒரே ஒரு பேனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரீட்சைக்குப் போர்டில் ஒட்டும் மை ஓவியங்கள் எல்லாம் ஒரே கருவியால் வரைந்தவையாக இருக்க வேண்டுமாம். கலந்தால் இரண்டு பேர் வரைந்தது போலத் தெரியுமாம்.

என்னிடம் இருப்பவை:
பவுண்டன் பேனை (இனி ப.பே.). பிறந்தநாளுக்கு அப்பா தந்தது.
தொட்டெழுதும் பேனை (தொ.பே.). பள்ளியில் இரவல். மரக்காம்பு, இரும்பு நிப், ஒரு போத்தல் கறுப்பு இந்தியன் மை.

இதை ப.பே.யால் எழுதுகிறேன். போர்வைக்குள், போன் வெளிச்சத்தில். மற்றது இரவில் சரிவராது, நிப் தாளைச் சுரண்டும். இது பழைய மரவீடு. அடுத்த அறையில் அண்ணா புரண்டு படுத்தால் என் கட்டில் அசையும். அவன் அசைவது எனக்குக் கேட்கிறதென்றால் நான் அசைவதும் அவனுக்குக் கேட்கும்.

மாலை நடந்தது. எழுதினால்தான் தூக்கம் வரும்.

அண்ணா எழும்பும்போது நாலு மணி. டயர் கடை வேலை போனதிலிருந்து பகலில்தான் அவனுக்குத் தூக்கம். முட்டைக்கறியில் உப்பில்லை. சோற்றுக் கோப்பையை அம்மாவுக்கு எறிந்தான். அம்மா குனிந்தார். கோப்பை சுவரில். குனிந்ததற்காக அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நான் எறிஞ்சா நீ குனிவியோ?"

தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தைக் குசினிக் கதவில் அடித்தான். ஒரு தரம்தான். பல் உதட்டுக்குள் போய்விட்டது. அம்மா சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் நின்றார்.

அப்பா பஸ் டியூட்டி முடித்து வந்து கேட்டார்: "என்ன உதட்டில?"

"அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது. நான் கவனிக்கேல்லை."

அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும். ஐஸ் எடுத்துக் கொடுத்தார். "கவனமா நடவும்" என்றார்.

நான் செய்தது: சுவரில் இருந்த கறியைத் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை விட்டுக் காற்று. மதிய இடைவேளையில் ஆர்ட் அறையில் இரண்டு பேனைகளையும் சோதித்தேன். லானியும் இருந்தாள். டொங்கா நாட்டுப் பெண், எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. அவள் களிமண் பிசைபவள், மை தொடமாட்டாள். அபிப்பிராயம் மட்டும் நிறைய.

ப.பே.: கோடு தொடங்கி முடியும் வரை ஒரே தடிப்பு. நிற்காமல் ஓடும். மூடியைப் போட்டால் பைக்குள். சத்தமில்லை. ஆனால் ஈரத்தூரிகை பட்டதும் கரைந்து ஊதாவாகிவிட்டது. மேலே நிழல் பூச முடியாது.

தொ.பே.: புது நிப்பில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். மை ஒட்டாமல் குமிழாக உருண்டது. பற்பசையால் தேய்த்த பிறகு சரி. அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கும், கையைத் தூக்கினால் மயிரிழை. காய்ந்த பிறகு தண்ணீரை ஊற்றினாலும் அசையாது. ஆனால் சில கோடுகளுக்கு ஒரு தரம் தொட வேண்டும். போத்தல் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். மேசையை யாரும் தட்டக் கூடாது.

லானி: "உன் பவுண்டன் கோடு அசெம்பிளியில நிக்கிற மாதிரி நிக்குது. மற்றதுதான் மூச்சு விடுது."

"மற்றது கொட்டும்."

"கொட்டினா துடை. எங்க வீட்டில ஒவ்வொரு நாளும் யாராவது எதையாவது கொட்டுவாங்க."

அவள் வீட்டில் கொட்டினால் துடைப்பார்கள்.

நான் வரைவது எங்கள் வீட்டுச் சுவர்கள். கொடுத்த தலைப்பு 'நான் வாழும் இடம்'. படங்களையும் கலண்டர்களையும் கழற்றிவிட்டால் சுவர் எப்படி இருக்குமோ அப்படி. இந்த நாட்டுச் சுவர் கல் இல்லை, ஜிப் என்று சொல்லும் ஒரு மாதிரி அட்டை. குத்தினால் கை உள்ளே போகும். அண்ணா குத்திய ஓட்டைகள் தோள் உயரத்தில். உதைத்தவை முழங்கால் உயரத்தில். ஒவ்வொன்றின் மேலும் அம்மா ஏதாவது கொழுவி வைத்திருக்கிறார். மிஸ் படங்களைப் பார்த்து "இருட்டான பூக்கள் மாதிரி" என்றார். நானும் தலையாட்டினேன்.

மாலை வாடகை ஏஜென்சியிலிருந்து ஈமெயில். வெள்ளிக்கிழமை வீட்டு இன்ஸ்பெக்ஷன். அப்பா சுத்தியலை எடுத்தார்.

"முருகனை இன்னும் பதிச்சுக் கொழுவும்."

"இதுக்குக் கீழ கொழுவினா முருகன் நிலத்திலதான் நிக்க வேணும்."

"அப்ப லட்சுமியைக் கொண்டு வாரும். லட்சுமி அகலம்."

"சாமிப்படம் ஏன் முழங்காலளவில எண்டு வாறவள் கேட்டா?"

"எங்கட சமயத்தில அப்பிடித்தான் எண்டு சொல்லும்."

நான் சிரித்துவிட்டேன். அப்பாவும். அம்மா வெடித்த உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். கன நாளைக்குப் பிறகு.

அறைக்குள்ளிருந்து அண்ணா: "என்னைப் பாத்தோ சிரிக்கிறியள்?" உள்ளேயிருந்து சுவரில் உதைத்தான். அப்போதுதான் கொழுவிய லட்சுமி விழுந்து கண்ணாடி நொறுங்கியது. மூன்று பேரும் அவன் அறைக் கதவைப் பார்த்தோம். அவன் வெளியே வரவில்லை. அம்மா கண்ணாடியைக் கையாலேயே பொறுக்கினார். தும்புத்தடியால் கூட்டினால் சத்தம் கேட்கும்.


ஆகஸ்ட் 13, புதன்

கடும் குளிர். பென்சிலால் எழுதுகிறேன். ப.பே. அடைத்துவிட்டது. என் பிழை.

நான் நினைத்தது: கரையாத மை, சத்தமில்லாத பேனை, இரண்டும் ஒன்றிலேயே கிடைத்தால்? இந்தியன் மையை ப.பே.க்குள் நிரப்பினேன். ஒரு பக்கம் அருமையாக ஓடியது. பள்ளி விட்டு வருவதற்குள் உள்ளே காய்ந்து இறுகிவிட்டது. அந்த மையில் அரக்கு கலந்திருக்கிறது. பவுண்டன் பேனையில் போடாதே என்று போத்தலின் பின்னாலேயே எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை.

குளியலறைத் தொட்டியில் சுடுதண்ணீர் பிடித்து நிப்பைக் கழற்றி ஊறப்போட்டேன். தண்ணீர் கறுத்தது. கதவுப் பூட்டு முன்பே அண்ணா உடைத்தது. காலால் கதவை அணைத்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள என்னடி செய்யிறாய்?"

"பேனை கழுவுறன்."

"ஒரு பேனையை எவ்வளவு நேரமடி கழுவுவாய்?"

உதைத்தான். கதவு புருவத்தில் அடித்தது. பிடரியைப் பிடித்து முகத்தைத் தொட்டிக்குள் அமத்தினான். மூக்கு, வாய், எல்லாம் கறுப்புத் தண்ணீர். தூக்கினான். மூச்சு வாங்கினேன். திரும்ப உள்ளே. "கழுவு. வடிவாக் கழுவு." தண்ணீருக்குள் அவன் குரல் தூரத்தில் கேட்டது. அம்மா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார், முழங்கையால் நெஞ்சில் இடித்திருக்கிறான். அவர் விழுந்த சத்தம் மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா நடையில் நின்றார். பஸ் உடுப்போடு.

"விடு கபிலன். நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம்."

நாளைக்குப் பள்ளி இல்லாவிட்டால்?

விட்டான். பிறகு தெருமுனை டெயரிக் கடைக்குப் போய் ஒரு சொக்லேட் வாங்கிவந்து என் அறைக் கதவடியில் வைத்தான். "சாப்பிடு. நான் கெட்டவன் இல்லை."

சாப்பிட்டேன். பசி.

காதுக்குள் இன்னும் மை. தலையணையில் கறுப்பு.


ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில். கடைசிப் பாடம் இல்லாததால் வெள்ளன வந்துவிட்டேன், இன்ஸ்பெக்ஷன் பார்க்கக் கிடைத்தது.

ஏஜென்சிப் பெண் டேப்லெட்டோடு அறை அறையாகப் படமெடுத்தாள். அண்ணா குளித்து, சேட் அயர்ன் பண்ணிப் போட்டிருந்தான். அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். "அம்மா ரெஸ்ட் ஹோமில கடுமையா வேலை செய்யிறா, வீட்டில நாங்கள்தான் உதவ வேணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். இப்படி ஒரு மகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள் அவள். அம்மா ஓம் என்று தலையாட்டினார்.

"படமெல்லாம் ஏன் இவ்வளவு கீழே?"

அப்பா ஒப்பித்தார்: "எங்கள் சமய வழக்கம்."

"எவ்வளவு அழகு! சின்னப் பிள்ளைகளும் பார்க்கலாம்." முருகனையும் படமெடுத்தாள்.

என் புருவத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கமுன் அண்ணா, "நெட்போல் விளையாட்டில பட்டது" என்றான். நேற்று மிஸ்ஸுக்கு நான் சொன்ன அதே பொய். நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பொய்யைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 

ப.பே. இன்னும் தண்ணீரில் ஊறுகிறது, ஜாம் போத்தலில், என் ஜன்னலடியில். ஒவ்வொரு தரமும் தண்ணீர் மாற்றக் கொஞ்சம் கறுப்பு இறங்குகிறது.


ஆகஸ்ட் 16, சனி

மப்பு வானம். அம்மா, அப்பா இருவரும் வேலையில். அண்ணா என் ஓவியங்களைப் பார்த்துவிட்டான்.

தொ.பே.யைச் சோதிக்க அவற்றைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். கதவு தட்டாமல் உள்ளே வந்தான். ஒவ்வொன்றாக எடுத்தான். கிழிப்பான் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

"இது நடைக்குள்ள இருக்கிறது. நான் குத்தினது. இது குசினி." விரலை வைத்துக்கொண்டே போனான். சந்தோஷம் மாதிரி இருந்தது முகம். "ஒண்டு குறையுது."

"என்ன?"

"வொஷிங் மெஷினுக்குப் பின்னால. அதை வரையேல்லை நீ."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மெஷினை நகர்த்திக் காட்டினான். உண்மைதான். எனக்குத் தெரியாத ஒன்று. விளிம்பில் மண்ணிறக் கறை. அது மை இல்லை.

"அது அம்மாவின்ர தலை" என்றான். "வரை."

சீமெந்துத் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். அவன் பின்னால் நின்றான். போத்தல் தரையில், நிப்பை அதன் நடு ஓட்டை வரை தோய்த்து, போத்தல் வாயில் தட்டி, வரைந்து, திரும்பத் தோய்த்து.  தொ.பே. எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும், என் கை நடுக்கத்தைக்கூடக் கோடாக்கிவிடும்.

"என்ன நடுங்குது? நான் உனக்கு என்ன செய்தனான்?" பின்மண்டையில் அறைந்தான். "சொல்லு. என்ன செய்தனான்?" திரும்ப. திரும்ப. நெற்றி மெஷினில் இடித்தது. "ஒண்டும் செய்யேல்லை" என்றேன். அதற்குப் பிறகுதான் விட்டான்.

போகும்போது: "இனி அறைக்குள்ள ஒளிச்சு வரையாதை. குசினி மேசையில வரை. நான் பாக்கோணும்."

அந்த ஓவியம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது. இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் உண்மை.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது.

காலை. வெளியே வெயிலா மப்பா, நினைவில்லை. குசினி மேசையில் நான், அவன் சொன்னபடி. போத்தல் திறந்திருந்தது. அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அப்பா வீட்டின் பின்பக்கக் கோடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

அண்ணா கார்த் திறப்பைக் கேட்டான். அம்மா, "எனக்கு ஷிப்ட் இருக்கு, பின்னேரம் எடு" என்றார்.

"தா."

"பின்னேரம் எண்டு சொன்னனான்."

அம்மா இரண்டாம் தரம் மறுத்துச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பிரிட்ஜில் சாத்தி ஒரு கையால் கழுத்தைப் பிடித்தான். திறப்பு கீழே விழுந்துவிட்டது. அவன் அதை எடுக்கவில்லை. கழுத்தை விடவுமில்லை. அம்மாவின் செருப்பு நிலத்தைத் தேடியது. கண் சிவந்து பிதுங்கியது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் என்னை எழுப்பியது.

என் கையில் தொ.பே. அப்போதுதான் தோய்த்திருந்தேன்.

அவன் மேல்கையில் குத்தினேன். தோளுக்குக் கொஞ்சம் கீழே. காம்பு என் கையில் உடையும் வரை அழுத்தினேன். அவன் கத்திக்கொண்டு திரும்பி என் முகத்தில் அறைந்தான், நான் மேசையோடு விழுந்தேன். போத்தலும். தரை முழுக்கக் கறுப்பு, அதற்குள் சிவப்பு. அண்ணா கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி, "அம்மா, அம்மா" என்று.

அம்மா இருமிக்கொண்டே தவழ்ந்து போனார். அவனிடம். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தியேடி!"

குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. ஆனால் சொன்னது அதுதான்.

அப்பா ஓடிவந்து அவனைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனார். நிப் உள்ளே முறிந்துவிட்டது. அம்மா வேலைக்குச் சுகமில்லை என்று போன் பண்ணிவிட்டு, கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தரையைத் துடைத்தார். நானும் துடைத்தேன். ஒரே வாளி. 

கட்டிலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன். கன்னம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை. பென்சிலை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.


ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. முகம்.

பின்னேரம் பொலிஸ் வந்தது. ஒரு பெண், ஒரு ஆண். நிப்பை எடுத்த நர்ஸ் எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறாள். அண்ணா, "தங்கச்சி குத்தினவள்" என்று சொல்லியிருக்கிறான். அது உண்மை. இந்த வீட்டுக்கு முதல் தரம் பொலிஸ் வந்தது என்னைத் தேடி.

எல்லோரும் ஹாலில். அண்ணா சோபாவில், கையில் கட்டு. அப்பா கதிரை நுனியில். அம்மா சால்வையோடு நின்றார்.

அப்பா ஆங்கிலத்தில்: "பிள்ளைகள் சண்டை. விளையாட்டு."

பெண் பொலிஸ் என்னிடம்: "நீ குத்தினாயா?"

"ஓம்."

"ஏன்?"

அப்பா தரையைப் பார்த்தபடி தமிழில்: "கோவம் வந்திட்டுது எண்டு சொல்லு பிள்ளை. நீ சின்ன ஆள், விட்டிடுவினம். அவனெண்டா விடமாட்டினம்."

அண்ணா சிரித்தான். "சொல்லன், மதுரா."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு அவ்வளவு பயம்.

அம்மா சால்வையைக் கழற்றினார்.

 பிறகு அம்மா ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார். அவருக்கு வேலையிடத்து ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ரெஸ்ட் ஹோமில் வயதானவர்களைக் குளிப்பாட்டும்போது உடம்பில் காயம் கண்டால் எந்தப் பக்கம், என்ன நிறம், பழையதா புதியதா என்று நர்ஸிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிப் பழக்கம். அதே குரலில், தன்னைத் தொட்டுத் தொட்டு:

"கழுத்து, வலது, விரல் அடையாளம் நாலு, சிவப்பு, புதிது. இடது, பெருவிரல், புதிது. உதடு, உள்பக்கம், ஆறுது. நெஞ்சு, நீலம். தலை, பின்பக்கம், பழசு, தையல் போடேல்லை." பிறகு என்னைத் தொட்டார். "மகள். புருவம், மஞ்சள். கன்னம், புதிது." கடைசியாகத்தான் கையை நீட்டினார், சோபாப் பக்கம். "மகன்."

அப்பா எழும்பி, "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்!" என்று கத்தினார். ஆண் பொலிஸ் அவரைத் திரும்ப இருக்கச் சொன்னான்.

அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல் படலையைத் தாண்டும்போது திரும்பி, அம்மாவை அல்ல, என்னைப் பார்த்தான்.

உடைந்த காம்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அவர்கள் கொண்டுபோனார்கள்.


ஆகஸ்ட் 20, புதன்

தூறல். பள்ளிக்குப் போனேன். லானி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பகிடியும் விடவில்லை. மதியம் முழுக்க என் பையையும் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

ப.பே. இன்று ஓடுகிறது. வெளிறிய கோடுதான். ஆனால் ஓடுகிறது.

மிஸ்ஸிடம் சொன்னேன்: பவுண்டன் பேனை. அவர் இரண்டு பேனைகளின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தொட்டெழுதியதுதானே நல்லா வந்திருக்கு? அதைத் தொலைச்சிட்டியா? அலுமாரியில இன்னொன்று இருக்கு." நல்லாத்தான் வந்திருக்கிறது என்றேன். ஆனால் பவுண்டன் பேனை என்றேன்.

தோலுக்குள் போகும்போதும் நிப் தாளில் போவது போலத்தான் இருந்தது. அதே அழுத்தம், அதே விரிவு. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

வீடு. பொலிஸ் கடதாசிப்படி அண்ணா கொஞ்ச நாளைக்கு இங்கே வரக் கூடாது. மனுகாவில் யாரோ சிநேகிதன் வீட்டில். அப்பா அம்மாவோடு கதைப்பதில்லை. பஸ் முடிந்து நேரே அங்கே போகிறார். அம்மா இரண்டு நாளும் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். உப்பைத் திரும்பத் திரும்ப ருசி பார்த்துக் கட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

இன்று மாலை குசினியில், என் பக்கம் திரும்பாமல்:

"அந்த நாள் முடிஞ்சு அவன் வந்தா நீ எங்க போவாய்?"

"நீங்கள் எங்கயம்மா போவியள்?"

வெங்காயம் வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. முழுவதையும் வெட்டி, சட்டியில் போட்டு, அடுப்பைக் குறைத்த பிறகு:

"லானியின்ர தாயின்ர நம்பர் உன்னட்ட இருக்கோ?"

"ஓம். உங்கட போனில போட்டு விடுறன்."

"வேண்டாம். அப்பா பாப்பார். நீ சொல்லு, நான் பாடமாக்கிறன்."

சொன்னேன். இன்னொரு தரம் சொன்னேன். அம்மா திருப்பிச் சொன்னார். நடுவில் ஓர் எண் பிழை.

திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.